தருமபுரித் தண்ணீரில் புளோரைடு: கண்டறிந்த முறைகளின் வரலாறு

தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் புளோரைடு கலந்திருப்பதற்கு ஆலைக் கழிவைக் குறை சொல்ல முடியாது. அடியில் கிடக்கும் பாறைதான் காரணம். பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம், அரூர் என்று எந்தப் பக்கம் தோண்டினாலும் சில மீட்டர் ஆழத்தில் நைஸ், சார்னோக்கைட் வகைப் பழம்பாறைகள் வந்துவிடும். அவற்றில் கரும்புள்ளிகளாகத் தெரியும் ஹார்ன்பிளெண்ட், பயோட்டைட் போன்ற கனிமங்களிலும், கண்ணுக்கு எளிதில் அகப்படாத அப்படைட்டிலும் புளோரின் சிறிதளவு கட்டுண்டு கிடக்கிறது. மண் வழியே இறங்கும் மழைநீர் பாறை இடுக்குகளில் ஆண்டுக்கணக்கில் தேங்கி நிற்கும்போது அது மெல்லக் கரைந்து வெளியே வருகிறது.

கரைவது மட்டும் போதாது, கரைந்தது நீரிலேயே தங்கவும் வேண்டும். கால்சியம் நிறைய உள்ள நீரில் புளோரைடு அதனோடு சேர்ந்து கால்சியம் புளோரைடாகப் படிந்துவிடும். தருமபுரியைப் போல மழை குறைந்த, வெயில் மிகுந்த நிலத்தில் கால்சியம் முன்பே சுக்கான் கல்லாக மண்ணில் படிந்துபோகிறது. மிஞ்சும் நீரில் சோடியமும் பைகார்பனேட்டும் ஓங்கி, காரத்தன்மை ஏறுகிறது. பிடித்து நிறுத்தக் கால்சியம் இல்லாத புளோரைடு அப்படியே கரைந்து நிற்கிறது. உப்புக் கரித்த கிணற்றை ஊர்க்காரர்கள் நாக்கு வைத்தே ஒதுக்கிவிடுவார்கள். புளோரைடுக்கோ நிறமில்லை, மணமில்லை, குடிநீரில் இருக்கும் அளவில் சுவையும் இல்லை. நல்ல தண்ணீர் என்று பெயரெடுத்த கிணற்றிலும் அது இருக்கலாம்.

பாரமகால் என்று அழைக்கப்பட்ட இந்த வட்டாரம் 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறியது. அதை நிர்வகித்த அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக வந்த தாமஸ் மன்றோ தருமபுரியில் தங்கி நில அளவையிலும் வரி நிர்ணயத்திலும் ஈடுபட்டார். நிலவரிக் கணக்கில் நீர் நஞ்சை, புஞ்சை, தோட்டம் என்ற பிரிவாகத்தான் நுழைந்தது. எவ்வளவு நீர் என்பதே கேள்வி, என்ன நீர் என்பது கேள்வியாகவே இல்லை. 1876-78 பெரும் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் கடுமையாக அடிபட்ட பிறகும் (தருமபுரி அன்று அதன் பகுதி) கவலையெல்லாம் நீரின் அளவைப் பற்றியதாகவே இருந்தது. இதில் வியப்பு ஒன்றும் இல்லை. நீரில் கரைந்த புளோரைடை அளக்க அன்று உலகில் எங்கும் நம்பகமான வழி கிடையாது.

வழி இல்லாத காலத்திலும் ஓர் அளவுமானி இருந்துகொண்டுதான் இருந்தது: குழந்தைகளின் பல். ஈறுக்குள் நிரந்தரப் பற்களின் எனாமல் உருவாகும் காலம் பிறப்பு முதல் ஏறத்தாழ எட்டு வயது வரை. அந்த ஆண்டுகளில் குடித்த நீரில் புளோரைடு மிகுந்திருந்தால் எனாமல் சரியாக இறுகாது. முளைத்து வரும்போதே பல்லில் சுண்ணாம்பு தடவியதுபோல் வெண்திட்டுகள் தெரியும். மிகுதி கூடக்கூட மஞ்சள், பழுப்பு, கரும்பழுப்பு என்று படுக்கைவாட்டில் கோடுகள் ஓடும். இரண்டு பக்கத்துப் பற்களிலும் ஒரே உயரத்தில் ஓடுவது அதன் அடையாளம். வெற்றிலைக் கறை அப்படி ஒழுங்காக ஓடாது, தேய்த்தால் கொஞ்சமாவது போகும். புளோரைடால் காவியேறிய பல்லோ தேய்த்தால் போகாது. அதே நீரை இருபது, முப்பது ஆண்டுகள் குடித்தவர்களுக்கு எலும்பு தடித்து, மூட்டைச் சுற்றிய நார்கள் கால்சியம் ஏறி இறுகி, கழுத்தும் முதுகும் வளையாமல் போகும். இரண்டுக்கும் மாற்று மருந்து இல்லை.

புளோரைடு உடலில் போய்ச் சேருமிடம் பல்லும் எலும்புமாக இருப்பதற்குக் காரணம், அவை இரண்டும் கால்சியத்தால் ஆனவை என்பதே. கால்சியத்தை விட்டு விலகிய நீரில் சுதந்திரமாகத் திரிவது, கால்சியம் கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. புளோரைடைக் கண்டறிந்த முறைகள் எல்லாமே இந்தக் குணத்தின் மேல் கட்டப்பட்டவைதான். அது தானாக ஒருபோதும் முகம் காட்டுவதில்லை. எதைப் போய்ப் பற்றுகிறதோ அதன் மாற்றத்தில்தான் பிடிபடுகிறது.

முதலில் பிடிபட்டது அமெரிக்காவில். கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரில் 1901-ல் தொழில் தொடங்கிய பல் மருத்துவர் ஃபிரெடெரிக் மெக்கே அவ்வூர்க்காரர்களின் பழுப்புப் பற்களைக் கண்டு காரணம் தேடி முப்பது ஆண்டு அலைந்தார். நீரில்தான் ஏதோ இருக்கிறது என்பது அவருக்கு உறுதி. வழக்கமான வேதிப் பகுப்பாய்வில் ஒன்றும் சிக்கவில்லை. ஆர்கன்சா மாநிலத்தில் பாக்சைட் என்ற ஊரில் அதே பழுப்புப் பல் தோன்றியது. அது அல்கோவா அலுமினிய நிறுவனத்தின் சுரங்க ஊர். அலுமினியப் பாத்திரம் உடலுக்குக் கேடு என்ற வதந்தி பரவியிருந்த நேரம் அது. பழி தங்கள் உலோகத்தின்மேல் விழுமோ என்று அஞ்சிய நிறுவனத்தின் தலைமை வேதியியலாளர் எச்.வி. சர்ச்சில், அவ்வூர் நீரை நிறமாலைக் கருவியில் வைத்துப் பார்க்கச் சொன்னார்.

நீரை வற்றவைத்துக் கிடைத்த உப்பை மின்வில்லின் சுடரில் எரித்து, அந்த ஒளியைப் பட்டகத்தில் பிரித்துப் படமெடுப்பது அந்த முறை. ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய கோடுகளை விட்டுச் செல்லும். புளோரின் தனியாக அந்தச் சுடரில் எளிதில் தெரியாது. ஆனால் கால்சியத்தோடு சேர்ந்தால் பச்சையிலும் ஆரஞ்சிலும் அகன்ற பட்டைகளாக ஒளிரும். ஆய்வகத்தில் பெட்ரி என்பவர் கண்டது அந்தப் பட்டைகளைத்தான். மாதிரியில் அழுக்குச் சேர்ந்துவிட்டது என்று சர்ச்சில் முதலில் நம்ப மறுத்தார். புது மாதிரி வரவழைத்துப் பார்த்தபோதும் அதே பட்டைகள். 1931-ல் வெளியான அவருடைய கட்டுரையில் பாக்சைட் ஊர் நீரின் அளவு லிட்டருக்கு 13.7 மில்லிகிராம். அலுமினியம் தப்பியது, புளோரைடு அகப்பட்டது. ஒரு வணிக நிறுவனம் தன் பெயரைக் காப்பாற்றச் செய்த சோதனையிலிருந்து பொதுச் சுகாதாரத்தின் பெரிய கண்டுபிடிப்பு ஒன்று பிறந்தது.

செய்தி சென்னை மாகாணத்தை அடைய அதிக நாள் ஆகவில்லை. நெல்லூர் மாவட்டத்தின் பொதிலி, தர்சி, கனிகிரி பகுதிகளில் (பின்னர் பிரகாசம் மாவட்டத்தில் சேர்ந்தவை) நடுவயதுக்காரர்கள் முதுகு விறைத்து முடங்குவதற்குக் காரணம் குடிநீரின் புளோரைடே என்று எச்.இ. ஷார்ட்டும் அவருடைய சகாக்களும் 1937-ல் எழுதினார்கள். இந்தியாவில் மனிதர்களிடம் இந்நோயைப் பற்றி வெளிவந்த முதல் விரிவான ஆய்வு அதுதான். ஷார்ட் அப்போது சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையத்தின் இயக்குநர். 1940-ல் பண்டிட், ராகவாச்சாரி முதலானோர் தென்னிந்திய நிலைமை குறித்து மேலும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள்.

மின்வில் நிறமாலைக் கருவி ஊர் ஊராகக் கொண்டுபோகக் கூடியதன்று. கிராமத்து நீரை நூற்றுக்கணக்கில் சோதிக்க உதவியது ஒரு சாயம். சிர்க்கோனியம் உப்பையும் அலிசரின் சாயத்தையும் சேர்த்தால் செம்மை நிறக் கரைசல் கிடைக்கும். அதில் புளோரைடு உள்ள நீரை ஊற்றினால் அது சாயத்தின் பிடியிலிருந்து சிர்க்கோனியத்தைப் பறித்துக்கொள்ளும். துணையிழந்த அலிசரின் மஞ்சளாக மாறும். செம்மை எவ்வளவு மங்கியதோ அவ்வளவு புளோரைடு. 1930-களில் சான்சிஸ் இதை நீர்ச் சோதனைக்கு ஏற்ற முறையாக்கினார். அளவு தெரிந்த கரைசல்களை வரிசையாக நீளக் கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி வைத்து, அவற்றின் நடுவே ஊர்த் தண்ணீரின் குழாயை நகர்த்தி, மேலிருந்து வெள்ளைப் பின்னணியில் நோக்கி எதனோடு நிறம் பொருந்துகிறது என்று கண்ணால் முடிவுசெய்வார்கள். மேகம் மூடிய நாளில் அளவு தவறும்; ஆள் மாறினாலும் கொஞ்சம் மாறும். 1958-ல் ஸ்பாட்ன்ஸ் என்ற வேறொரு சாயம் வந்தது. வினை உடனே முடிந்துவிடும் என்பது அதன் வசதி. கண்ணுக்குப் பதில் நிறமானியில் 570 நானோமீட்டர் ஒளியை ஊடுருவவிட்டு அளக்கலாம். இந்திய நீர் ஆய்வகங்களில் இன்றும் புழங்கும் முறைகளில் இது ஒன்று.

இதற்கிடையே தருமபுரியின் குடிநீரே மாறிவிட்டது. 1965 அக்டோபர் 2-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானபோது கிராமங்கள் பெரும்பாலும் ஏரியையும் திறந்த கிணற்றையும் நம்பியிருந்தன. திறந்த கிணற்றில் ஆண்டுதோறும் புது மழைநீர் இறங்கிப் பழைய நீரை நீர்க்கவைக்கும். 1960-களின் இறுதியில் வறட்சி நிவாரணமாக யுனிசெப் நாட்டுக்குள் கொண்டுவந்த காற்றழுத்தத் துளைப்பு இயந்திரங்கள் கடும்பாறையையும் ஒரே நாளில் துளைத்தன. பின்னர் சேலம் பக்கத்துத் திருச்செங்கோடு நாடெங்கும் போர் வண்டி அனுப்பும் ஊராக வளர்ந்தது. கோயம்புத்தூர் வட்டாரத்தில் சோதித்துப் பார்க்கப்பட்ட இந்தியா மார்க் 2 அடிபம்பு ஊருக்கு ஊர் நின்றது. கிருமி குறைந்த நீர் கிடைத்தது. வயிற்றுப்போக்கால் சாகும் குழந்தைகளுக்கு அது உயிர். ஆனால் ஆழத்துப் பாறை இடுக்கில் நெடுங்காலம் கிடந்த நீரில் பொதுவாகப் புளோரைடு கூடுதல். ஏரி வற்ற வற்ற, நீர்மட்டம் இறங்க இறங்க, துளையின் ஆழம் கூடியது. புளோரைடு பாறையில் எப்போதும் இருந்ததுதான், அதைக் குடம் குடமாக மேலே கொண்டுவந்தது துளைப்பு இயந்திரம்.

எவ்வளவு இருந்தால் மிகுதி என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் டிரெண்ட்லி டீன் 1930-களில் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் பற்களை எண்ணிப் பார்த்து, லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை பெரிய கறை ஏற்படுவதில்லை என்று கண்டார். உலகச் சுகாதார நிறுவனம் 1.5 மில்லிகிராமை வழிகாட்டு அளவாக வைத்தது. இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 10500 ஏற்கத்தக்க அளவை 1 என்றும், வேறு நீரே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்றும் சொல்கிறது. டீன் பார்த்த குழந்தைகளில் பலர் குளிர்ந்த ஊர்க்காரர்கள். சித்திரை வெயிலில் கடலைக்காட்டில் வேலை செய்பவர் ஒரு நாளில் குடிக்கும் நீர் அவர்கள் குடித்ததைப் போல இரு மடங்கு, மூன்று மடங்கு இருக்கலாம். காய்ச்சிக் குடிப்பதும் உதவாது: நீர் ஆவியாகிப் புளோரைடு செறியும்.

1966-ல் ஃபிரான்ட், ராஸ் என்ற இரு அமெரிக்கர்கள் ஒளியையே விட்டுவிட்ட ஒரு வழியைக் கண்டார்கள். சிறிது யூரோப்பியம் கலந்த லாந்தனம் புளோரைடுப் படிகத்தைக் குழாயின் அடியில் பதித்த மின்முனை அது. படிகத்தின் வழியே நகர முடிந்த அயனி புளோரைடு மட்டும்தான் என்பதால் நீரில் அதன் அளவு மின்னழுத்தமாக வெளிப்படும். அளக்குமுன் ஒரு தாங்கல் கரைசல் சேர்ப்பார்கள். காரத்தன்மையைச் சீராக்கி, அலுமினியம் போன்றவற்றின் பிடியில் மாட்டிய புளோரைடை விடுவிப்பது அதன் வேலை. கலங்கல் நீரையும் நிறமுள்ள நீரையும் இது பொருட்படுத்தாது. 1971-ல் அமைந்த தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியமும் பிற ஆய்வகங்களும் சாயத்தையும் மின்முனையையும் கொண்டு கிணறு கிணறாக அளக்க அளக்க, தருமபுரி தமிழகத்தின் புளோரைடு மாவட்டங்களில் முன்வரிசையில் இருப்பது தாளில் பதிவானது.

அகற்றும் முயற்சிகள் அவ்வளவாக நிலைக்கவில்லை. நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் 1970-களில் வகுத்த நலகொண்டா முறையில் படிகாரம், சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர் ஆகியவற்றைக் கலந்து கலக்கித் தெளியவைக்க வேண்டும். நாள்தோறும் அளவு பார்த்துப் போட ஆள் வேண்டும். மிஞ்சும் சேற்றைக் கொட்ட இடம் வேண்டும். அலுமினா வடிகட்டிக்கும் இதே கதி, சில மாதங்களுக்கு ஒருமுறை அமிலமும் காரமும் விட்டுப் புதுப்பிக்காவிட்டால் அது வெறும் மணல். ஊரின் மூலைக்கு மூலை இருக்கும் அடிபம்புகளில் இதைச் செய்ய யாராலும் முடியவில்லை.

மிஞ்சியது ஆற்று நீர். காவிரி தமிழகத்துக்குள் நுழைந்து பாறைகளிடையே விழும் ஒகேனக்கல் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் மேட்டு நிலத்துக் கிராமங்களுக்கு அதை ஏற்றுவது பெருஞ்செலவு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரைடு பாதிப்புத் தணிப்புத் திட்டத்துக்கு 2008 பிப்ரவரி 26-ல் முதல்வர் மு. கருணாநிதி அடிக்கல் நாட்டினார். கர்நாடகத்தில் எதிர்ப்பு எழுந்து சில மாதம் தள்ளிப்போயிற்று. ஜப்பானியக் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாய் மதிப்பில் எழுந்த திட்டத்தை 2013 மே 29-ல் முதல்வர் ஜெ. ஜெயலலிதா தொடங்கிவைத்தார். தருமபுரிக்கும் 2004-ல் அதிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரிக்கும் சேர்த்து 3 நகராட்சிகள், 17 பேரூராட்சிகள், 6,755 ஊரகக் குடியிருப்புகள் அன்று அதன் பரப்பு. குடிநீர்த் திட்டம் ஒன்றின் பெயரிலேயே நோயின் பெயரும் ஏறியிருப்பது அரிது.

நீரை மாற்றிவிட்டால் அளக்கும் வேலை தீர்ந்துவிடுவதில்லை. அளக்கும் கலையில் இந்தக் காலகட்டத்தில் புதிதாகப் பேசப்பட்டது தங்கம். அதன் கதை மைக்கேல் ஃபாரடேயிடமிருந்து தொடங்குவது வழக்கம். 1857-ல் லண்டனில் அவர் தங்க உப்புக் கரைசலைப் பாஸ்பரஸ் கொண்டு குறைத்து மாணிக்கச் சிவப்பு நீர்மம் ஒன்றைச் செய்தார். அது கரைசலல்ல, கண்ணுக்கும் நுண்ணோக்கிக்கும் தெரியாத தங்கத் துகள்கள் மிதக்கும் நீர் என்று சரியாக ஊகித்தார். துகள் சில பத்து நானோமீட்டர் அளவுக்குச் சிறுத்தால் அதன் மேற்பரப்பு எலக்ட்ரான்கள் பச்சை ஒளியோடு சேர்ந்து ஊசலாடி அதை விழுங்கிவிடும். மிஞ்சி வருவது சிவப்பு. துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கினால் ஊசலாட்டம் மாறி, சிவப்பு நீலமாகும்.

செய்முறை இன்று கல்லூரி ஆய்வகத்திலும் நடக்கிறது. 1951-ல் டர்கெவிச்சும் அவருடைய கூட்டாளிகளும் வகுத்து, 1973-ல் ஃபிரென்ஸ் செப்பனிட்டது அது. குடுவையை முதலில் ராஜதிராவகத்தால் கழுவ வேண்டும், முந்தைய சோதனையின் ஒரு தூசி ஒட்டியிருந்தாலும் துகள்கள் அதைச் சுற்றித் திரண்டுவிடும். 100 மில்லிலிட்டர் வாலைவடிநீரில் தங்கக் குளோரைடு அமிலம் 10 மில்லிகிராம் கரைத்துக் கொதிக்கவிட்டு, கலக்கியபடியே சோடியம் சிட்ரேட்டை ஒரே வீச்சில் ஊற்றுவார்கள். வெளிர் மஞ்சள் மறைந்து நீர் வெறுமையாகும். பிறகு சாம்பல் கலந்த நீலம், ஊதா, கடைசியில் திராட்சை மதுவின் சிவப்பு. எல்லாம் சில நிமிடத்தில். சிட்ரேட்டைக் கூட்டினால் துகள் சிறுக்கும், குறைத்தால் பெருக்கும். அந்தக் குடுவையில் இருக்கும் தங்கம் 5 மில்லிகிராம்தான். ஒரு பவுன் தங்கத்தில் இப்படி 160 லிட்டர் காய்ச்சலாம். 2001-ல் நிகில் ஜனா, கேத்தரின் மர்ஃபி குழுவினர் சிறு துகளை விதையாக வைத்து நீள்கம்பிகளாக வளர்த்தார்கள். 2004-ல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முரளி சாஸ்திரி குழு எலுமிச்சம்புல் சாற்றில் முக்கோணத் தகடுகளை உண்டாக்கிற்று. கூர்முனையும் இடுக்கும் உள்ள வடிவங்களைத் தேடிப் போனதற்கு ஒரு காரணம் ராமன் விளைவு.

திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் 1928-ல் கல்கத்தாவில் அறுபது நீர்மங்களில் ஒளியைச் செலுத்திப் பார்த்தார்கள். சிதறி வரும் ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வந்தது. மூலக்கூறின் அணுப் பிணைப்புகள் அதிரும் அளவுக்கு ஏற்ப அந்த மாற்றம் அமைவதால், எந்த மூலக்கூறு என்பதை ஒளியே சொல்லிவிடும். குறை என்னவென்றால் கோடி ஒளித்துகளில் ஒன்று என்ற அளவில்தான் அது கிடைக்கும். நீர்த்த கரைசலில் ஒன்றும் தெரியாது. 1974-ல் சவுத்தாம்ப்டனில் ஃபிளைஷ்மன் குழு, சொரசொரப்பாக்கிய வெள்ளித் தகட்டில் பிரிடின் மூலக்கூறு எதிர்பாராத வலுவோடு ஒளி தருவதைக் கண்டது. மேற்பரப்பு கூடியதுதான் காரணம் என்று அவர்கள் நினைத்தார்கள். 1977-ல் வான் டைனும் ஜான்மேரும் ஒரு பக்கம், ஆல்பிரெக்ட்டும் கிரைட்டனும் மறுபக்கம் கணக்குப் போட்டு, அது லட்சம் முதல் பத்து லட்சம் மடங்கு வரையான பெருக்கம், பரப்பளவால் மட்டும் விளங்காது என்று காட்டினார்கள். உலோக நுண்வடிவத்தின் எலக்ட்ரான் ஊசலாட்டம் ஒளியைத் தன் முனையிலும் துகளிடை இடுக்கிலும் குவிப்பதே பெருங்காரணம். 1997-ல் ஒற்றை மூலக்கூறையே இந்த வழியில் பார்த்துவிட்டார்கள். வெள்ளி இன்னும் வலுவாகப் பெருக்கும், ஆனால் காற்றில் கறுத்துவிடும். தங்கம் கெடாது, பச்சை ஒளியைத் தானே விழுங்குவதால் அதற்குச் சிவப்பு அல்லது அண்மை அகச்சிவப்பு லேசர் வேண்டும், அவ்வளவே.

ஒற்றை மூலக்கூறைக் காட்டும் கருவி தருமபுரிப் புளோரைடை எளிதில் காட்டிவிடும் என்று தோன்றும். காட்டாது. ராமன் ஒளி பிணைப்பின் அதிர்விலிருந்து வருகிறது. நீரில் கரைந்த புளோரைடு தனி அணு அயனி. பிணைப்பு இல்லை, அதிர்வு இல்லை, எத்தனை கோடி மடங்கு பெருக்கினாலும் பெருக்க ஒன்றும் இல்லை. போதாததற்கு அது தங்கத்தின் அருகிலும் வராது. குளோரைடு, புரோமைடு, அயோடைடு மூன்றும் தங்கத்தில் ஒட்டும். புளோரைடோ நீர் மூலக்கூறுகளை இறுகப் போர்த்திக்கொண்டு ஒதுங்கி நிற்கும்.

ஆகவே இங்கும் இடையாள் வேண்டியிருந்தது. சர்ச்சிலுக்குக் கால்சியம், சான்சிஸுக்குச் சிர்க்கோனியம், ஃபிரான்டுக்கு லாந்தனம். தங்கத்தோடு வேலை செய்தவர்கள் போரானைப் பிடித்தார்கள். ஒரு முனையில் கந்தகமும் மறுமுனையில் போரோனிக் அமிலமும் உள்ள மூலக்கூறைத் தங்கத்தின்மேல் பரப்பினால் கந்தகம் தங்கத்தைப் பற்றும். போரான் மூன்று பிணைப்போடு தட்டையாக நிற்கும். புளோரைடு வந்து சேர்ந்ததும் நான்கு பிணைப்பாகி வடிவம் மாறும்; நடுவிலுள்ள பென்சீன் வளையத்தின் அதிர்வு நகரும். கருவி காண்பது அந்த நகர்வை. இதைவிட எளிய வழியும் முயலப்பட்டது: 2005-ல் ஜப்பானில் சர்க்கரை போர்த்திய தங்கத் துகள்கள் புளோரைடு பட்டதும் திரண்டு நிறம் மாறுவதாகக் காட்டினார்கள்.

ஆய்வகத்துத் தூயநீரில் அழகாக நடப்பது போர்த் தண்ணீரில் சிக்கலாகிறது. சிட்ரேட்டின் எதிர்மின் விலக்கத்தால் பிரிந்து நிற்கும் துகள்களைக் கரைந்த உப்பு ஒன்றாகத் தள்ளிவிடும். லிட்டருக்கு ஆயிரம், இரண்டாயிரம் மில்லிகிராம் உப்புள்ள நீரைச் சிவப்புத் தங்க நீரில் விட்டால் அதில் புளோரைடே இல்லாவிட்டாலும் நீலமாகலாம். காரம் மிகுந்த நீரில் ஹைட்ராக்சைடு போரானுக்குப் போட்டிக்கு வரும். அமிலம் சேர்த்து அடக்க வேண்டும். புளோரைடை நீரில் தங்கவைத்த அதே காரத்தன்மை, அதைக் கண்டறிவதற்கும் குறுக்கே நிற்கிறது.

தேவையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1.5 மில்லிகிராம் என்பது வேதியியல் கணக்கில் சொற்பமன்று. வரம்பில் நிற்கும் நீரின் ஒரு துளியில் 20 கோடி கோடிக்கு மேல் புளோரைடு அயனிகள் இருக்கும். அலிசரினும் ஸ்பாட்ன்ஸும் மின்முனையும் போதுமான அளவு அது. தங்க நுண்வடிவங்களின் வலிமை அதைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைந்த அளவில், பிணைப்புகள் நிறைந்த பெரிய மூலக்கூறுகளில் இருக்கிறது. பூச்சிமருந்து அதற்குச் சரியான இலக்கு. சென்னை ஐ.ஐ.டி.யில் தலப்பில் பிரதீப் குழு 2003-ல் தங்கத் துகள்களின் நிறமாற்றத்தைக் கொண்டு நீரில் எண்டோசல்ஃபானைக் கண்டறிந்து, உலோகத் துகள்களால் அதைப் பிரித்தெடுக்கவும் செய்தது. அந்த வழியில் எழுந்த வடிகட்டி பின்னர் சந்தைக்கும் வந்தது. 2010-ல் சீனத்தின் ஷியாமென் குழு மெல்லிய சிலிக்கா உறை போட்ட தங்கத் துகள்களை ஆரஞ்சுத் தோல்மேல் தூவி, லேசரைக் காட்டி, பாராதியான் எச்சத்தை அங்கேயே படித்தது. தைராம் போன்ற கந்தகம் உள்ள மருந்துகள் தங்கத்தைத் தாமே பற்றிக்கொள்வதால் மிக எளிதில் தெரிகின்றன. பாலக்கோட்டுத் தக்காளி மண்டிக்கு வரும் கூடைகளில் எவ்வளவு மருந்து ஒட்டியிருக்கிறது என்ற கேள்விக்கு இது பொருத்தமான கருவி. பெட்டியளவுக்குச் சுருங்கிய ராமன் கருவிகள் இன்று விற்பனைக்கு உள்ளன. ஊராட்சிகளின் கைக்கு எட்டும் விலையில் அல்ல.

குடிநீர்ப் பக்கம் பழைய சாயமே ஆள்கிறது. 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியில் பயிற்சி தருவது நடைமுறை. சிறு குழாயில் நீர் பிடித்து, சொட்டுச் சொட்டாக வினைப்பொருள் விட்டு, நிற அட்டையோடு ஒப்பிடுகிறார்கள். மேல்நிலைத் தொட்டியில் ஒகேனக்கல் தண்ணீர் போதாத நாளில் போர்த் தண்ணீரையும் சேர்த்து ஏற்றும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே குழாயில் வரும் புளோரைடின் அளவு கலவைக்குத் தக்கபடி நாளுக்கு நாள் மாறும். ஆண்டுக்கு ஓரிரு முறை மாவட்ட ஆய்வகம் தரும் துல்லியமான எண் அந்த மாற்றத்தைக் காட்டாது. அடிக்கடி பார்க்கப்படும் மங்கலான நிறம் காட்டும்.